சிறுவர் விளையாட்டு அணிக்கு இலவச இணையதளம்: தேனி மாவட்டப் பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் விடிவதற்கு முன்பே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். கூடலூர், கம்பம், தேவாரம், போடி என்று ஊருக்கு ஊர் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்பும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறி இடுக்கி மாவட்டத்துக்குள் போனவர்கள் இறங்கி வர மாலையாகிவிடும். அப்படிப்பட்ட ஒரு வீட்டுப் பெண்பிள்ளை சனிக்கிழமை தேனியில் கபடி ஆடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கம்பத்திலிருந்து தேனிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். போட்டி எத்தனை மணிக்கு? எந்த மைதானம்? கூட வரும் ஆசிரியை யார்? திரும்பி வர எந்த பஸ்? இது தெரியாமல் எந்த அம்மாவும் நிம்மதியாக வேலைக்குப் போக மாட்டார். தெரியவில்லை என்பதற்காகவே "இந்த வாரம் நீ போக வேண்டாம்" என்று சொல்லிவிடுகிற வீடுகளும் உண்டு.

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அதில் காலை வணக்கம், பிறந்தநாள் கேக், யாரோ அனுப்பிய பார்வர்டு வீடியோ எல்லாவற்றுக்கும் நடுவில்தான் போட்டி நேரமும் கிடக்கும். வியாழக்கிழமை போட்ட தகவலை வெள்ளிக்கிழமை இரவு தேடினால் கிடைக்காது. புதிதாகக் குரூப்பில் சேர்ந்தவருக்குப் பழைய செய்திகள் தெரியாது. பயிற்சியாளர் போனை மாற்றினாலோ, வேறு ஊருக்கு மாறுதலில் போனாலோ, மூன்று நான்கு வருடத்துப் போட்டி முடிவுகளும் படங்களும் அவரோடு போய்விடும்.

இதற்குத்தான் அணிக்கென்று ஒரு சின்ன இணையதளம். பெரிய செலவோ, கோடிங் படிப்போ வேண்டாம். உலகின் முதல் இணையதளம் 1991-ல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. 1993-ல் அந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. அதனால்தான் இன்று சின்னமனூரில் இருந்துகொண்டு ஒரு வாலிபால் அணிக்குத் தளம் தொடங்க யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் சிறுவர்களுக்கான தளம் என்பதால், தொழில்நுட்பத்தைவிட வேறு சில விஷயங்களில் அதிகக் கவனம் தேவை. அவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் கூடுதலாகச் சொல்லப் போகிறோம்.

முதல் கேள்வி: கணக்கு யார் பெயரில்?

பெரும்பாலான அணிகள் இதை யோசிப்பதே இல்லை. கணினி தெரிந்த ஒரு அண்ணன் தன்னுடைய ஜிமெயிலில் தளத்தைத் தொடங்கிக் கொடுப்பார். இரண்டு வருடம் கழித்து அவர் வேலைக்காகத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போயிருப்பார். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. தளம் அப்படியே நிற்கும். அதில் பழைய பயிற்சியாளரின் பெயரும் நடந்து முடிந்த போட்டியின் தேதியும் மட்டும் இருக்கும்.

ஆகவே அணிக்கென்று தனியாக ஒரு புதிய ஜிமெயில் கணக்கு தொடங்குங்கள். அதைப் பெரியவர் ஒருவர் தொடங்க வேண்டும். இந்தியாவில் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் தாங்களாகவே கூகுள் கணக்கு தொடங்க முடியாது. 13 வயது தாண்டிய பிள்ளை அணியில் இருந்தாலும் பொறுப்பு பெரியவரிடம் இருப்பதே முறை. இரண்டு படிச் சரிபார்ப்பு வசதியைப் போட்டுவிடுங்கள். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு, தலைமை ஆசிரியரிடமோ அணி நிர்வாகியிடமோ கொடுத்து வைப்பது பழைய பாணிதான், ஆனால் வேலை செய்கிறது. அதோடு, தளத்தைத் திருத்தும் உரிமையைக் குறைந்தது இரண்டு பெரியவர்களுக்காவது கொடுங்கள். அதில் ஒருவர் பெற்றோராக இருந்தால் நல்லது.

இன்னொன்று. இரண்டு ஆண்டுகள் யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை கூகுள் நீக்கிவிடலாம் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. சீசன் முடிந்து அணி கலைந்து, மறுபடி கூடும்போது கணக்கே இல்லாமல் போகலாம். மாதம் ஒரு முறையாவது உள்ளே போய் வாருங்கள்.

பள்ளி அணி என்றால் தலைமை ஆசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிவிட்டுத்தான் பள்ளியின் பெயரைப் போட வேண்டும். ஊர் அணி என்றால் பெயர் உங்கள் விருப்பம். ஆனால் சின்னத்தில் கவனம். அசோகச் சின்னத்தையும் தமிழ்நாடு அரசின் கோபுரச் சின்னத்தையும் அணியின் தளத்தில் போடக்கூடாது. 1950-ம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டமும், 2005-ம் ஆண்டின் இந்திய அரசுச் சின்னம் பற்றிய சட்டமும் முறையற்ற பயன்பாட்டைத் தடுக்கின்றன. அரசு மைதானத்தில் பயிற்சி எடுக்கிறோம் என்பது இதற்கு அனுமதி ஆகாது. ஐ.பி.எல்., ப்ரோ கபடி அணிகளின் சின்னங்களும் வணிக முத்திரைகள்தாம், எடுத்து ஒட்டக்கூடாது. எதற்கு அடுத்தவர் சிங்கம்? 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை நம்மிடம் இருக்கிறது. ஒரு குலையை வரைந்து தர அணியிலேயே ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும்.

தளம் அமைப்பது எப்படி?

இலவசமாகப் பல சேவைகள் உள்ளன. இங்கே கூகுள் சைட்ஸை எடுத்துக்கொள்கிறோம். காரணம், ஜிமெயில் கணக்கு இருந்தாலே போதும்; விளம்பரம் வராது; தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியும். பார்ப்பவர்கள் போனிலேயே பார்க்கலாம், ஆனால் உருவாக்குகிறவருக்கு ஒரு கணினி வேண்டும். வீட்டில் இல்லையென்றால், பள்ளி ஹைடெக் லேபில் ஆசிரியர் உதவியோடு செய்யலாம். பிரௌசிங் சென்டரில் செய்தால் மறைநிலைச் சாளரத்தில் திறந்து, முடித்தவுடன் கணக்கிலிருந்து வெளியேறுவதை மறக்கக் கூடாது. அங்கே திறந்தபடி விட்ட கணக்கு, அடுத்து வந்து உட்காருபவரின் கையில்.

சைட்ஸ் டாட் கூகுள் டாட் காம் என்ற முகவரியைத் திறந்து கணக்கில் நுழையுங்கள். கூட்டல் குறி போட்ட வெற்றுப் பக்கத்தை க்ளிக் செய்தால் புதிய தளம் திறக்கும். மேலே இடது மூலையில் தளத்தின் பெயர். நடுவில் பெரிய தலைப்பு. வலது பக்கத்தில் மூன்று பகுதிகள் இருக்கும்: 'இன்செர்ட்' என்பதில் எழுத்து, படம், காலண்டர், வரைபடம், விண்ணப்பப் படிவம் போன்றவற்றைச் சேர்க்கலாம், 'பேஜஸ்' என்பதில் புதிய பக்கங்கள், 'தீம்ஸ்' என்பதில் நிறமும் எழுத்து அமைப்பும். இழுத்து வைத்தால் உட்கார்ந்துகொள்ளும். போஸ்டர் ஒட்டுவது மாதிரிதான்.

எல்லாம் முடிந்ததும் மேலே உள்ள 'பப்ளிஷ்' பொத்தானை அழுத்தினால் முகவரி கேட்கும். அதை ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், இணைப்புக்கோடு ஆகியவற்றால் அமைக்க வேண்டும். சின்னதாக, ஊர்ப்பெயரோடு வையுங்கள். வாயால் சொன்னால் எதிரில் இருப்பவர் தட்டச்சு செய்ய முடிய வேண்டும். அதே இடத்தில், தேடுபொறிகளில் இந்தத் தளம் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு கட்டமும் இருக்கும். சிறுவர் அணிக்கு அதை டிக் செய்துவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து. உங்கள் பார்வையாளர்கள் பெற்றோர்கள், பக்கத்து ஊர் அணிகள், பள்ளி. அவர்களுக்கு லிங்க் கொடுத்தாலே போதும். ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள்: அது பூட்டு அல்ல. லிங்க் கிடைத்த யாரும் தளத்தைத் திறக்கலாம்.

வெளியிட்ட பிறகு எதையாவது மாற்றினால் மறுபடி 'பப்ளிஷ்' அழுத்தினால்தான் மாற்றம் வெளியே தெரியும். "மாத்திட்டேன் சார், ஆனா தெரியலையே" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கணினியே கிடையாது, போன் மட்டும்தான் என்றால் பிளாக்கர் சேவையைப் பார்க்கலாம். 1999-ல் தொடங்கிய பழைய சேவை. இப்போது கூகுளிடம் உள்ளது. போன் உலாவியிலேயே ஒரு பதிவு போட முடியும். தோற்றம் கொஞ்சம் பழசாக இருக்கும், பரவாயில்லை. கருத்துப் பெட்டியை மட்டும் முதலிலேயே மூடிவிடுங்கள். வேர்ட்பிரஸ் டாட் காம், விக்ஸ் போன்றவற்றிலும் இலவசத் திட்டம் உண்டு. ஆனால் இலவசத் திட்டத்தில் அவர்களுடைய விளம்பரம் உங்கள் பக்கத்தில் வரும். என்ன விளம்பரம் வரும் என்பது நம் கையில் இல்லாததால், பிள்ளைகள் பார்க்கும் பக்கத்துக்கு இது ஏற்றதாகத் தெரியவில்லை.

வானவில் எழுத்து வம்பு

போட்டி நோட்டீஸ் அடிக்கும் டி.டி.பி. சென்டரிலிருந்து வந்த கோப்பைத் திறந்து, அந்த எழுத்தை அப்படியே காப்பி செய்து தளத்தில் ஒட்டியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். 'கபடிப் போட்டி' என்பது ஏதோ ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த கூளமாக வந்து நிற்கும். காரணம், அச்சுத் தொழிலில் இன்னும் பல இடங்களில் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள்தாம் புழக்கத்தில் உள்ளன. அவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படம் மட்டும் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத போனில் தமிழ் தெரியாது.

யுனிகோடு முறையில் தட்டச்சு செய்தால் இந்தச் சிக்கல் இல்லை. தமிழ்நாடு அரசும் 2010-ல் யுனிகோடைத் தமிழுக்கான தரமாக அறிவித்தது. உங்கள் போனில் தமிழில் வாட்ஸ்அப் அனுப்புகிறீர்கள் அல்லவா? அது யுனிகோடுதான். ஆகவே சுலபமான வழி: போனிலேயே தமிழில் தட்டச்சு செய்து, அணியின் ஜிமெயிலுக்கு அனுப்பி, கணினியில் திறந்து தளத்தில் ஒட்டுங்கள். குரல் தட்டச்சும் நன்றாகவே வேலை செய்கிறது. ஊர்ப்பெயர்களை மட்டும் ஒரு முறை சரிபாருங்கள். நோட்டீஸைப் படமாகப் போட்டுவிட்டால் போதுமே என்று நினைக்காதீர்கள். படத்தில் உள்ள எழுத்தை, கண் பார்வை குறைந்தவர்களுக்குப் படித்துக் காட்டும் மென்பொருள் படிக்காது. மலையில் சிக்னல் ஒரு கோடு இருக்கும்போது படம் திறக்கவும் திறக்காது. நான்கு வரி எழுத்து உடனே திறக்கும்.

என்னென்ன போடலாம்?

நான்கு பக்கம் போதும். முகப்பில் இந்த வாரம் என்ன நடக்கிறது என்பது. அடுத்து போட்டி அட்டவணை. மூன்றாவது போட்டி முடிவுகள். நான்காவது தொடர்பு மற்றும் சேர்க்கை விவரம். ஓடும் எழுத்து, சுழலும் படம், திறந்ததும் பாட்டு எல்லாம் வேண்டாம். தோட்டத்தில் நின்றுகொண்டு போனில் பார்க்கும் அப்பாவுக்கு அவற்றால் டேட்டா செலவு மட்டுமே.

அட்டவணைக்கு கூகுள் காலண்டரை இணைக்கலாம். அதை எல்லோரும் பார்க்கும்படி மாற்றினால்தான் தளத்தில் தெரியும். இங்கே ஒரு வேறுபாடு முக்கியம். போட்டி என்பது பலர் கூடும் இடம். அதன் தேதி, நேரம், மைதானம் வெளியே தெரிவதில் தவறில்லை. தினசரிப் பயிற்சி அப்படி அல்ல. 'செவ்வாய், வியாழன் மாலை 5.30 முதல் 7 வரை 12 வயதுக்குட்பட்ட சிறுமிகள் இந்த மைதானத்தில் இருப்பார்கள்' என்று ஊரறிய எழுதி வைப்பது, யார் யாருக்கோ துப்புக் கொடுப்பது போல. பயிற்சி நேரம் பெற்றோர் குரூப்பிலேயே இருக்கட்டும். தளத்தில் 'பயிற்சி விவரத்துக்குப் பொறுப்பாளரைத் தொடர்பு கொள்ளவும்' என்ற ஒரு வரி போதும்.

வெளியூர்ப் போட்டி என்றால் போக்குவரத்து விவரத்தைத் தனியாக எழுதுங்கள்: எங்கே கூடுகிறோம், யார் அழைத்துப் போகிறார்கள், சாப்பாடு உண்டா, எத்தனை மணிக்குத் திரும்பி ஊர் வந்து சேருவோம். சிறுமியர் அணி என்றால் உடன் வரும் பெண் ஆசிரியையோ, தாய்மாரோ இருக்கிறார் என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பெயரோடு அவருடைய சொந்த எண்ணைத் தளத்தில் போட வேண்டாம். எண் பெற்றோரிடம் இருந்தால் போதும். முன்பு சொன்ன "நீ போக வேண்டாம்" என்ற பதில் பல வீடுகளில் மாறுவதற்கு இந்த நான்கு வரிகள் உதவும்.

முடிவுகளை எழுதும்போது தோற்ற ஆட்டங்களையும் எழுதுங்கள். வென்றதை மட்டும் போடும் தளத்தை நாலு மாதத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். அதே நேரம், 'இவன் விட்ட கேட்ச்சால் தோற்றோம்' என்கிற மாதிரி ஒரு சிறுவனைச் சுட்டும் வரி கூடவே கூடாது. இணையத்தில் எழுதியது அவன் கல்லூரி போகும்வரை கூட இருக்கும்.

பிள்ளைகளின் படமும் பெயரும்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். 2023-ல் நிறைவேற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறைவடையாத அனைவரும் குழந்தைகள். அவர்களுடைய தனிப்பட்ட தரவைக் கையாளப் பெற்றோர் அல்லது சட்டப்பூர்வக் காப்பாளரின், சரிபார்க்கத்தக்க சம்மதம் தேவை. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. பெயர், பிறந்த தேதி, படம், பள்ளி, வீட்டு முகவரி எல்லாமே தரவுதான். சின்ன ஊர் அணிக்கு இதெல்லாமா என்று தோன்றலாம். ஆனால் ஒரு படத்தை எடுத்துத் தவறாக மாற்றி அனுப்புகிறவன் ஊர் சின்னதா பெரியதா என்று பார்ப்பதில்லை.

நடைமுறையில் என்ன செய்வது? பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு பெற்றோரிடமும் ஒரு சம்மதத் தாள் வாங்குங்கள். தமிழில், பெரிய எழுத்தில். ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் வாங்கிவிடாமல், தனித்தனியாகக் கேளுங்கள்: குழுப் படத்தில் பிள்ளை இருக்கலாமா? முதல் பெயரைப் போடலாமா? போட்டி வீடியோ போடலாமா? வேண்டாம் என்றால் காரணம் கேட்க வேண்டாம். ஒரு வீட்டில் குடும்பத் தகராறு இருக்கும், அது நமக்குத் தேவையில்லாத விஷயம். பிறகு மனம் மாறினால் எடுத்துவிடுவோம் என்பதையும் தாளிலேயே எழுதுங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள். 14 வயதுப் பெண்ணுக்குத் தன் படம் எங்கே போகிறது என்று சொல்ல ஒரு கருத்து இருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாத பெற்றோருக்குப் படித்துக் காட்டி, இன்னொருவர் சாட்சியாகக் கையெழுத்திடலாம்.

பிரிட்டன் போன்ற நாடுகளில் சிறுவர் விளையாட்டு அமைப்புகள் ஒரு எளிய பழக்கத்தை வைத்திருக்கின்றன. படம் போட்டால் பெயர் போடுவதில்லை. பெயர் போட்டால் படம் போடுவதில்லை. நாமும் பின்பற்றலாம். 'இடமிருந்து வலம்' என்று பன்னிரண்டு பிள்ளைகளின் முழுப் பெயரையும் படத்துக்குக் கீழே வரிசையாக எழுதுவது நம் ஊர்ப் பத்திரிகைப் பழக்கம். அணித் தளத்தில் அதை விட்டுவிடுவது நல்லது. முகம் நெருக்கமாகத் தெரியும் தனிப்படத்தைவிட, ஆட்டத்தின் நடுவில் எடுத்த தூரப்படமே பார்க்கவும் நன்றாக இருக்கும். பள்ளி அடையாள அட்டை, வீட்டு வாசல், வண்டி எண் தெரியும் படங்கள் வேண்டாம்.

போன் கேமராவில் இருப்பிட வசதி திறந்திருந்தால், எடுத்த இடத்தின் வரைபடக் குறி படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். கேமரா அமைப்பில் அதை நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள். யூடியூப் வீடியோ என்றால் கருத்துப் பகுதியை மூடி வையுங்கள்.

இதையெல்லாம்விட எளிதாக நடக்கிற ஆபத்து ஒன்று உண்டு. அணியின் பிள்ளைகள் விவரத்தை ஒரு கூகுள் ஷீட்டில் வைத்திருப்பார்கள்: பெயர், பிறந்த தேதி, அப்பா எண், ஆதார் எண். அதே கோப்பில் இன்னொரு தாளில் போட்டி முடிவுகள். முடிவுகளைத் தளத்தில் காட்ட வேண்டும் என்று 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்று மாற்றிவிடுவார்கள். அவ்வளவுதான், மொத்தக் கோப்பும் வெளியே வந்துவிட்டது. நெடுவரிசையை மறைத்து வைத்தாலும் பயனில்லை. கோப்பை நகல் எடுத்தால் மறைத்ததும் தெரியும். வெளியே காட்டும் கோப்பு வேறு, உள்ளே வைக்கும் கோப்பு வேறு என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். சேர்க்கைப் படிவத்திலும் ஆதார் எண்ணைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. வயதுச் சான்று பார்க்க வேண்டுமென்றால் நேரில் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

படம் தவறாகப் பயன்படுத்தப்பட்டால் அல்லது யாராவது பிள்ளைகளைத் தொந்தரவு செய்தால் குழந்தைகள் உதவி எண் 1098. இணையக் குற்றம், பண மோசடி எதுவானாலும் 1930. அந்த இரண்டு எண்களையும் தளத்தின் தொடர்புப் பக்கத்தில் போட்டு வையுங்கள்.

நன்கொடையும் க்யூ.ஆர். கோடும்

ஜெர்சிக்கும் பஸ் செலவுக்கும் யாராவது பணம் தரட்டும் என்று பயிற்சியாளரின் சொந்த க்யூ.ஆர். கோடைத் தளத்தில் ஒட்டுகிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் நாளைக்கு ஒருவர் கணக்குக் கேட்டால் கெட்ட பெயர் பயிற்சியாளருக்கு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து அணியைச் சங்கமாகப் பதிவு செய்யலாம். அதன் பிறகு சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கி, அந்தக் கணக்கின் கோடைப் போடுங்கள். பதிவு செய்யாதவரை தளத்தில் பணம் கேட்காமல் இருப்பதே பாதுகாப்பு. இன்னொரு எச்சரிக்கை: "நன்கொடை அனுப்புகிறேன், பின் நம்பரைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே போனை வையுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

அரசு வாய்ப்புகளுக்கு ஒரு பக்கம்

தொடர்புப் பக்கத்துக்குக் கீழே, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் லிங்கைச் சேர்த்துவிடுங்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளுக்கு ஆன்லைனில்தான் பதிவு. பள்ளிப் பிரிவு 12 முதல் 19 வயது வரை. விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ம் வகுப்புச் சேர்க்கைக்கான தேர்வு அறிவிப்பும் அங்கேதான் வரும். போட்டிக்குப் போகவும் உபகரணம் வாங்கவும் வசதியில்லாத திறமைசாலிகளுக்கு 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் தேனியில் உள்ள மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரிடம் நேரில் கேட்கலாம். கடைசித் தேதியை மட்டும் முகப்பில் பெரிதாகப் போடுங்கள். தகவல் தெரியாமல் தேதி தாண்டிப் போவதுதான் கிராமத்துப் பிள்ளைகள் வாய்ப்பை இழக்கும் வழி.

வயதுச் சான்றில் பல பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லாமல் 'ஆண்', 'பெண்' என்று மட்டும் இருக்கும். பிறப்புப் பதிவான 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் கேளுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் ஓடாமல், அணியில் சேரும்போதே சான்றிதழை ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்று சேர்க்கைப் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைக்கலாம்.

அரசு வேலைவாய்ப்பில் தகுதியுள்ள விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு உள்ளது. அதற்கு உங்கள் தளத்தில் உள்ள வெற்றிப் பட்டியல் சான்றாகாது. அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் அசல் சான்றிதழ்தான் வேண்டும். ஆனால் எந்த வருடம், எந்தப் போட்டி, எந்த இடம் என்ற நினைவுக்குத் தளம் உதவும். சான்றிதழ் தொலைந்து நகல் கேட்கப் போகும்போது முதல் கேள்வியே அதுதான்.

இலவசம் என்றால் எவ்வளவு நாள்?

ஒரு காலத்தில் உலகமே இலவசத் தளம் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடப்பட்டது. கடைக்காரர்களுக்கு கூகுள் இலவசமாகக் கொடுத்த வணிகத் தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. இலவசம் நாளைக்கும் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனவே போட்டி முடிவுகளை ஆண்டுக்கு ஒரு முறை அச்செடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். படங்களின் நகல் ஒரு பென்டிரைவில் இருக்கட்டும்.

சொந்த முகவரி வேண்டுமென்றால் டாட் இன் என்று முடியும் பெயரை ஆண்டுக் கட்டணத்தில் வாங்கி கூகுள் சைட்ஸோடு இணைக்கலாம். முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து ஏமாறாமல், இரண்டாம் வருடப் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். புதுப்பிக்காமல் விட்ட பெயரை வேறு யாரும் வாங்கி, சூதாட்ட விளம்பரம் கூடப் போடலாம். பிள்ளைகளின் ஜெர்சியில் அச்சிட்ட முகவரி அப்படி ஆவது எவ்வளவு சங்கடம்! தொடர்ந்து கட்ட முடியும் என்ற உறுதி இல்லையென்றால் இலவச முகவரியே போதும்.

பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்குக் கோடையில் வெளிமாநில அணிகள் வருகின்றன. அதுபோன்ற சமயங்களில், கம்பம் பக்கத்துச் சிறுவர் அணியோடு நட்பு ஆட்டம் ஆட விரும்பும் ஒருவருக்கு நீங்கள் கொடுக்க ஒரு முகவரி இருக்கும். அந்த முகவரிக்கு ஒரு க்யூ.ஆர். கோடு உருவாக்கி, ஊராட்சி அலுவலகத் தகவல் பலகையிலும், பள்ளி வாசலிலும், ஜீப் நிற்கும் இடத்து டீக்கடையிலும் அனுமதி கேட்டு ஒட்டிவிடுங்கள். யார் அப்டேட் செய்வது என்பதையும் முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். ஞாயிறு இரவு எட்டு மணி, ஒருவர், பத்து நிமிடம். முதல் வாரம் எழுத ஒன்றும் இல்லையே என்றால், அடுத்த போட்டியின் தேதி, கூடும் இடம், திரும்பும் நேரம் ஆகிய மூன்றை மட்டும் எழுதி வெளியிடுங்கள்.